துணித் துண்டும் காகித ஏடும்

அரசர்களின் ஆணைகள் கல்லிலும் செப்பேட்டிலும் நிலைபெற்றன. ஏழை மக்களின் உடையோ கிழியும்வரை உடுக்கப்பட்டது; கிழிந்தபின் கந்தையாகிக் காகிதப் பட்டறைக்குப் போயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பழந்துணியைக் கூழாக்கித்தான் காகிதம் செய்தனர். ஆகவே அக்காலத்து எளிய பெண்கள் எத்தகைய துணி உடுத்தினர் என்பதை அறியச் சான்றுகள் அரிது. ஆனால் அத்துணியே காகிதத்தோடு சேர்ந்து ஏடாகி நிலைத்த வரலாறும் உண்டு. அது இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது.

முதலில், வசதியுள்ள குடும்பத்து ஏடு ஒன்றைப் பார்ப்போம். பார்பரா ஜான்சன் என்பவர் ஒரு பாதிரியாரின் மகள். 1746-ஆம் ஆண்டு தொடங்கி 1823 வரையில், தாம் தைத்துக்கொண்ட ஒவ்வோர் ஆடையிலிருந்தும் ஒரு துண்டைக் கணக்கேட்டில் குத்திவைத்தார். அருகே விலை, அளவு, எதற்காகத் தைத்தது என்னும் குறிப்புகள். இடையிடையே நாகரிக உடைகளைக் காட்டும் அச்சுப் படங்கள். அவ்வேடு இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு வாழ்நாள் முழுவதையும் துணியாலேயே எழுதிய நாட்குறிப்பு என்று அதைச் சொல்லலாம்.

அதே காலத்தில், இலண்டன் நகரில், அதே குண்டூசியால் வேறொரு வகை ஏடு உருவாயிற்று. அதை எவரும் பொழுதுபோக்காகச் செய்யவில்லை. தெருவோரங்களில் குழந்தைகள் கைவிடப்பட்டுக் கிடப்பதைக் கண்டு மனம் நொந்த தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர், பல்லாண்டு முயன்று 1739-இல் அரச சாசனம் பெற்றார். 1741 மார்ச்சு 25-ஆம் நாள் குழந்தைகள் காப்பகத்தின் கதவு திறந்தது.

குழந்தையை ஏற்றதும் எழுத்தர் ஒரு தாளை நிரப்புவார்: ஆணா பெண்ணா, வயது என்ன, எந்தெந்த உடையோடு வந்தது. தாய் கொடுத்த துணியையோ, குழந்தையின் சட்டையிலிருந்து கத்தரித்த துண்டையோ அத்தாளில் குத்துவார். பின்னர் குழந்தைக்குப் புதுப் பெயர் சூட்டப்படும். பழைய பெயர் மறைந்துவிடும் அல்லவா? தாய் என்றேனும் திரும்பி வந்தால் பிள்ளையை அடையாளம் காட்ட அந்தத் துணி வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் தன் பிள்ளையின் சட்டைப் பூ மறக்காது. மடித்து முத்திரையிட்ட இத்தாள்கள் பிற்காலத்தில் ஏடுகளாகக் கட்டப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 5,000 துணித் துண்டுகள் தப்பியுள்ளன.

அவற்றில் கொடியும் பூவும் அச்சிட்ட துணிகள் பல. இதில் நமக்கும் ஓர் உறவு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் சென்ற சீட்டித் துணி ஆங்கிலேயரை மயக்கிற்று. உள்நாட்டு நெசவாளர் கொதித்தெழவே, அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதை 1721-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1736-இல் கலப்புத் துணிக்கு விலக்குக் கிடைத்தது. தடை நீங்கியது 1774-இல்தான். சட்டம் ஒன்று சொல்ல, பெண்களின் விருப்பம் வேறொன்று சொல்லிற்று. ஏழைப் பெண்ணும் பூப்போட்ட ஆடை உடுத்தாள் என்பதற்கு இவ்வேடுகளைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. 1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282. பெற்றோர் மீட்டுச் சென்றவை 152. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை இறந்தன. பிள்ளை பிழைத்துத் தாயும் திரும்பியிருந்தால் தாளைப் பிரித்துப் பார்த்திருப்பர். பெரும்பாலான துணிகள் கேட்பாரின்றியே காத்துக் கிடந்தன.

1767 பிப்ரவரியில் சார்லஸ் என்னும் ஆண் குழந்தையை ஒரு தாய் கொண்டுவந்தாள். பல துணித் துண்டுகளை ஒட்டுத் தையலாக இணைத்து, அதன்மேல் சிவப்பு நூலால் ஓர் இதய வடிவம் தைத்து, அதை நடுவே இரண்டாக வெட்டியிருந்தாள். ஒரு பாதி ஏட்டிற்குச் சென்றது. 1775 சூன் மாதம் அவள் திரும்பி வந்தாள்; எட்டு வயதான மகனை அழைத்துச் சென்றாள்.