திருக்கோஷ்டியூர் வழிநடையும் திருமேனிப் பேணலும்

எம்பெருமானார் திருவரங்கத்தினின்று திருக்கோஷ்டியூருக்கு 18 முறை எழுந்தருளி, திருக்கோஷ்டியூர் நம்பியின் திருவடிகளிலே ரஹஸ்யார்த்தம் பெற்றார் என்பது குருபரம்பரையில் ப்ரஸித்தம். இதனை ஆசார்யன் செய்த பரீக்ஷையாகவும், சிஷ்யனுடைய ஆர்த்திக்குச் சான்றாகவும் உபந்யஸிப்பது வழக்கம், அது தக்கதே. ஆயினும், அவ்வாறு நடந்த திருமேனியின் வருத்தத்தைப் பூர்வாசார்யர்கள் எவ்விதம் எண்ணினர் என்னும் கேள்வி அதிகம் எடுக்கப்படுவதில்லை. உடம்பு வருந்த வருந்தப் பலன் மிகும் என்றெண்ணி, ஜ்வரத்தையும் காற்புண்ணையும் மறைத்துக்கொண்டு யாத்திரை செய்வார் இன்றும் உளராதலின், இது ஆராயத்தக்கதாகின்றது.

திருவரங்கத்துக்கும் திருக்கோஷ்டியூருக்கும் இடையே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம் உண்டு. போக்கும் வரவுமாக 36 நடைகள் என்று கொண்டால், 3,600 கிலோமீட்டர் அளவாகிறது. காவிரிக் கரையின் சோலைகளை விட்டுத் தெற்கே செல்லச் செல்ல, நிலம் செம்மண்ணும் கல்லுமாய் வறண்டு, கண்மாயும் ஊருணியுமே நீருக்குக் கதியாக இருக்கும். கோடையில் நிழலும் அரிது. இவ்வழியைப் பாதசாரியாய்க் கடந்து, நம்பியின் திருமாளிகை வாசலிலே நின்று, உபதேசம் பெறாமலே 17 முறை மீண்டார் உடையவர்.

இங்கே நோக்கவேண்டியது ஒன்றுண்டு. நடையின் வருத்தம் தானே உபாயமாகுமாயின், முந்தைய நடைகளே பலித்திருக்க வேண்டும். அவை பலித்தில. நம்பியின் திருவுள்ளம் இரங்கிய அன்றே அர்த்தம் கிட்டிற்று. ஆகவே வழிநடை, பெறுபவனுடைய ஆசையைக் காட்டுவதேயன்றி, பேற்றுக்கு விலையாகாது. ப்ரபத்தி சாஸ்த்ரத்தின் ஸாரமும் இதுவே.

கடைசி முறை, தண்டும் பவித்ரமுமாகத் தனியே வரும்படி நம்பி சொல்லியனுப்பினார். உடையவரோ முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடனழைத்துச் சென்றார். வினவிய நம்பியிடம், ஆண்டானே தமக்குத் த்ரிதண்டம், ஆழ்வானே பவித்ரம் என்று விண்ணப்பம் செய்தார். இந்த ஐதிஹ்யத்தைச் சிஷ்யர்களின் ஏற்றத்துக்கு எடுத்துக்காட்டுவர். வழிநடைக்கும் இதிலே பொருளுண்டு. தண்டு என்பது தளர்ந்தவன் ஊன்றுவது. ஊன்றத்தக்க பாகவதர் உடனிருக்க, தனித்து நடந்து வருந்துவதை உடையவர் ஏற்றமாகக் கொள்ளவில்லை.

இத்தனை முறை நடக்கவைத்த நம்பியே பின்னொரு காலத்தில் அதே வழியை நடக்க நேர்ந்தது. திருவரங்கத்திலே உடையவருக்கு இட்ட பிக்ஷையில் விஷம் கலந்த செய்தி வெளிப்பட, அவர் அமுது செய்யாமல் உபவாசமிருந்தார். அது கேட்ட நம்பி, முதுமையையும் பாராமல் திருவரங்கத்துக்கு எழுந்தருளினார். உடையவர் எதிர்கொண்டு, நண்பகலில் காவிரியின் சுடுமணலிலே தண்டனிட்டுக் கிடந்தார். ஆசார்யன் நியமித்தாலன்றிச் சிஷ்யன் எழலாகாது. நம்பியோ வாய்திறவாமல் நின்றார். உபவாசத்தால் இளைத்த திருமேனி மணலிலே வேவதைக் காணப் பொறாத கிடாம்பி ஆச்சான், நம்பியின் எதிரேயே உடையவரை வாரியெடுத்தார். நம்பி சீறவில்லை; இத்திருமேனியில் பரிவுடையார் ஒருவரைத் தாம் தேடியிருந்ததாக உகந்து, அன்று முதல் உடையவருக்குத் தளிகை செய்யும் கைங்கர்யத்தை ஆச்சானுக்கே நியமித்தார். மடைப்பள்ளி ஸம்ப்ரதாயம் என்று ரஹஸ்யார்த்தங்கள் வழங்கிவரும் பரம்பரையும் இவரை முன்னிட்டதே. சரீரத்தைப் பேணிய கையே அர்த்தத்தையும் பேணிற்று.

விதியைக் கடந்து பரிவு காட்டியவரை நம்பி கொண்டாடியதற்குக் காரணம் உண்டு. ஆத்மா எம்பெருமானுக்குச் சேஷமானாற்போல, ப்ரபந்நனுடைய சரீரமும் அவனுடைய உடைமை. உடைமையைப் பாழாக்குவது பக்தியாகாது. கைங்கர்யத்துக்கு அதனைக் காத்து வைப்பதே முறை.

பேணியும் உடம்பு ஒத்துழையாவிடில் என் செய்வது? இதற்கு விடை, திருக்கோஷ்டியூர் நம்பியைப் போலவே ஆளவந்தாரின் திருவடி பணிந்தவரும், உடையவருக்கு ஆசார்யருமான பெரிய நம்பியின் சரிதத்தில் கிடைக்கிறது. சோழனுடைய ஸபையில் கண்களை இழந்து, 105 திருநக்ஷத்ரம் கடந்த திருமேனியோடு, திருமகளார் அத்துழாயும் கூரத்தாழ்வானும் உடன்வரத் திருவரங்கம் நோக்கி மீண்டார் அவர். வழியிலே நோவு மிக்கது. எப்படியேனும் திருவரங்கம் சேர்ந்துவிடலாம் என்று உடனிருந்தார் வேண்டியும் அவர் இசையவில்லை. தாம் அங்கே சென்று சரீரம் விட்டால், ப்ரபந்நனுக்கும் அந்திமகாலத்தில் ஒரு தேசம் வேண்டும்போலும் என்று பின்புள்ளார் கலங்குவர் என்று அருளிச்செய்து, ஆழ்வானுடைய மடியிலே திருமுடி சாய்த்துப் பரமபதித்தார். தஞ்சைக்கு அருகே பசுபதிகோயிலில் அவருடைய ஸந்நிதி இன்றும் ஸேவிக்கத்தக்கது. உடல் கட்டைபோற் கிடக்கையில் தானே நினைந்து அழைத்துச் செல்வதாக வராஹநாயனார் சரம ச்லோகத்தில் தந்த வாக்கே இந்த உறுதிக்கு அடி. சென்று சேராத யாத்திரையும் அவன் கணக்கில் குறைபட்டதன்று.

திருக்கோஷ்டியூரின் அஷ்டாங்க விமானத்திலே எம்பெருமான் நின்றும் இருந்தும் கிடந்தும் தளந்தோறும் ஸேவை ஸாதிக்கிறான். இத்தலத்தைப் பாடிய திருமழிசையாழ்வார், திருக்குடந்தையிலே கிடந்த கோலத்தைக் கண்டு, உலகெல்லாம் நடந்த திருவடிகள் நொந்தனவோ என்று பரிந்து கேட்டார். அவனுடைய களைப்புக்கே உருகியவர்கள் நம் முன்னோர். மாசித் தெப்பத்துக்கு இவ்வூர் நோக்கி நடந்துவரும் அடியார் ஒருவர், இயலாமல் ஒரு மரநிழலில் அமர்ந்தால், அதைப் பக்தியின் குறையாக எண்ண வேண்டுவதில்லை. அவரை விட்டுச் செல்லாமல், நீர் கொடுத்து உடனிருப்பதே கிடாம்பி ஆச்சான் காட்டிய கைங்கர்யம்.