தேக்கு ரீப்பரின் மேல் வந்த வெளிச்சம்

விளக்கை ‘அணை’ என்று சொல்ல நாக்குக் கூசி, ‘குளிர வை’ என்றும் ‘மலையேற்று’ என்றும் சொல்லிப் பழகிய நம் குடும்பங்களில், மாடக்குழி அகலுக்கும் உத்திரத்து அரிக்கேனுக்கும் பிறகு மின்விளக்கு பிரவேசித்தபோது, அதையும் தீபமாகவே பாவித்து, மாலையில் ஸ்விட்சைத் தட்டியவுடன் கைகுவித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. ஆனால் அகலுக்கு இல்லாத ஒரு சுபாவம் இந்த நூதன தீபத்துக்கு இருந்தது. குளிர்ந்த அகலில் நெருப்பு இல்லை. பல்பு இருண்டுவிட்டது என்பதனாலேயே அதன் ஹோல்டரில் மின்சாரம் இல்லை என்று நிச்சயித்துவிட முடியாது. வீடுகளில் விளக்குப் பொருத்தும் தொழிலின் சரித்திரம் இந்த நிச்சயத்தைத் தேடிய சரித்திரமே என்பது என் அபிப்பிராயம்.

சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடிற்று என்றாலும், வெளியூர் வீடுகள் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1927-இல் மாகாண அரசாங்கம் மின்சாரத்துக்கெனத் தனி இலாகா ஏற்படுத்தி, 1932-இல் நீலகிரியின் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீரின் வேகத்தால் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பின்னரே கம்பிகள் ஊர்தோறும் கிளை பிரிந்தன. 1957-இல் மின்சார வாரியம் அமைந்த பிறகு கிராமங்களின் முறை வந்தது.

கம்பி வாசல்வரை வந்துவிட்டால், அப்புறம் வயர்மேனின் ராஜ்ஜியம். சுவரில் உளியால் துளையிட்டு, மரக்கட்டை பதித்துச் சிமெண்டு பூசி, அது காய்ந்து இறுகியபின், வார்னிஷ் பூசிய தேக்கு ரீப்பரை அதன்மேல் திருகாணியால் பொருத்தி, படுக்கைவசத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றும் நெட்டுவசத்தில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றுமாக அறைந்த கிளிப்புகளுக்குள் கம்பிகளைக் கிடத்தி, கிளிப்பின் நாக்கை மடித்து அவர் தட்டிக்கொண்டே போகும் நேர்த்தியைக் காண வீட்டுப் பிள்ளைகள் கூடத்தைவிட்டு நகரமாட்டார்கள். ரீப்பர் முடியும் இடத்தில் வட்டமான ரவுண்ட் பிளாக். அதன்மேல் சீலிங் ரோஸ். அதிலிருந்து தொங்கும் முறுக்கு வயரின் நுனியில் ஹோல்டர். அந்த ரோஸின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே வயரில் ஒரு முடிச்சு இருக்கும். பல்பும் ஷேடும் சேர்ந்த பாரத்தை அந்த முடிச்சு மூடியின் துளையில் அமர்ந்து தாங்கிக்கொள்ளுமாதலால், திருகாணியில் மாட்டிய செம்பு நூல்கள் இழுபடுவதில்லை. சுண்டுவிரல் நுனியளவுகூட இல்லாத அந்த முடிச்சைப் போட மறக்காதவனே நல்ல வேலைக்காரன்.

வேலை தெரிந்தவர் எவ்வளவு சிரத்தையுடன் செய்தாலும், வீட்டுக்காரன் எதுவரை கைவைக்கலாம் என்ற கேள்வி இருக்கத்தானே செய்யும்? 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் இதற்கு விடை கூறின. மின் இணைப்பு வேலை எதுவானாலும் லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டரைக் கொண்டு, தகுதிச் சான்று உடையவரின் நேர்மேற்பார்வையில்தான் நடக்கவேண்டும். ஆயினும், இணைப்பின் கொள்ளளவையும் தன்மையையும் மாற்றாத அளவில் விளக்கு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச் முதலியவற்றை எடுத்துவிட்டு வேறு வைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டுக்காரனின் சுதந்திரத்துக்கு இவ்வளவு நியாயமான எல்லைக்கோட்டை வேறு யாரும் வகுத்திருக்க முடியாதென்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கோட்டின் அருமையை நான் உணர்ந்தது எங்கள் பழைய வீட்டில். கூடத்து ஹோல்டரை மாற்றுவதற்காக, ஸ்விட்சை அணைத்துவிட்டு உலர்ந்த மர ஸ்டூலின்மேல் ஏறி, பல்பைக் கழற்றி டெஸ்டரை வைத்தபோது, அதன் நியான் விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது. ஸ்விட்ச் ஃபேஸ் கம்பியை வெட்டவேண்டியிருக்க, முன்பு வேலை செய்த யாரோ ஒருவர் நியூட்ரலை வெட்டும்படி மாட்டிவிட்டுப் போயிருந்தார். எத்தனை வருஷங்களாகவோ, இருண்ட பல்புக்குப் பின்னால் 230 வோல்ட் காத்துக்கொண்டிருந்தது. உடனே இறங்கிச் சென்று மெயின் ஸ்விட்சை இறக்கி, யாரும் மறந்து ஏற்றிவிடாதபடி ஃபியூஸ் கேரியர்களை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, டெஸ்டர் எரியாததைக் கண்ட பிறகே ரோஸைத் திறந்தேன். பருத்திப் பின்னலுக்குள் இருந்த ரப்பர், தொட்டவுடன் கரித்தூளாய் உதிர்ந்தது.

அங்கே நான் தொங்கவிட எண்ணியிருந்தது ஒரு பித்தளைச் சரவிளக்கு. பல்பு ஒன்றின் பாரத்துக்கென்று பதித்த கட்டை அதைத் தாங்காது என்பதோடு, மரத்தின்மேல் ஓடிய அந்தப் பழைய வயரிங்கில் விளக்குகளுக்கு எர்த் கம்பியே வரவில்லை. உலோக உடல் கொண்ட விளக்குக்கோ அது இன்றியமையாதது. ஆகவே என் சுதந்திரம் அந்த ஸ்டூலோடு முடிந்தது. மறுநாள் வந்த லைசென்ஸ் வயர்மேன், உதிர்ந்த கம்பிகளைக் களைந்து புதிது இழுத்து, உத்திரத்தில் இரும்புக் கொக்கி இறக்கி, பச்சைக் கம்பியொன்றை எர்த்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தார். விளக்கைத் தூக்குமுன் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து, ஃபேஸ் கம்பியை அது இருக்கவேண்டிய இடத்தில் மாட்டினார்.