சொத்துடைமையும் ஊவாத் தோட்டங்களும்

1840ஆம் ஆண்டிலே இரு நகரங்களில் இருவகை எழுத்துக்கள் வெளிவந்தன. பாரிஸ் நகரில் அச்சுத்தொழில் பயின்ற புரூதோன் என்பார், சொத்து என்பது யாது என வினவி ஒரு நூல் வெளியிட்டார். அது களவே என்று தாமே விடையும் இறுத்தார். கொழும்பிலே ஆங்கில ஆட்சியினர் அதே ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்தனர். காடும், தரிசும், பயிரிடாது கிடக்கும் நிலமும், வேறொருவருக்குரியவை எனச் சான்று காட்டப்படும்வரை முடிக்கே சொந்தம் என்பது அதன் சாரம். சன்னது காட்ட இயலாத சிங்களக் கிராமத்தவரின் சேனை நிலங்களும் இவ்வலையிற் சிக்கின. ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் முடி விற்ற காட்டை வாங்கிக் கோப்பி நட்டவர்களுள் அரசாங்க உத்தியோகத்தர்கள் பலர் இருந்தனர். சட்டம் செய்தவரும் வாங்கியவரும் ஏறக்குறைய ஒரே கூட்டம்.

நிற்க. நிலம் மட்டும் இருந்தால் முதலாளி ஆகிவிடலாமா? ஆகாது என்கிறார் கார்ல் மார்க்ஸ். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தின் கடைசி அதிகாரத்தில் அவர் ஒரு வேடிக்கையான செய்தியை எடுத்துக்காட்டுகிறார். பீல் என்ற ஆங்கிலக் கனவான் பெரும் பொருளையும் தொழிலாளர்களையும் கப்பலேற்றி மேற்கு அவுஸ்திரேலியாவின் சுவான் ஆற்றங்கரைக்குச் சென்றாராம். அங்கே நிலம் தாராளமாய்க் கிடக்கக் கண்ட தொழிலாளர் தத்தம் வழியே போய்விட்டனர். துரைக்குப் படுக்கை விரிக்கவோ ஆற்றுநீர் மொண்டு கொடுக்கவோ ஓர் ஆள் மிஞ்சவில்லை. பிழைக்க வேறு வழியில்லாதவன் ஒருவன் இருந்தாலன்றிப் பணம் முதலாவதில்லை.

இலங்கைத் துரைமார் இத்தொல்லைக்கு ஆளாகவில்லை. வயலும் சேனையும் உள்ள கிராமத்தவர் தோட்டத்தில் நிரந்தரக் கூலிக்கு வர விரும்பவில்லை; ஆகவே திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர். வழிச்செலவே முதற் கடன். பின்பு அரிசிக் கடன், கம்பளிக் கடன், கலியாணக் கடன். ஆள் வேறு தோட்டம் போக வேண்டுமாயின், 'இத்தொகையைச் செலுத்தினால் விடுவிப்பேன்' என்று துரை சீட்டெழுதிக் கொடுப்பார். அதுவே 'துண்டு'. புதிய துரை அக்கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்வார். கடனோ தீராமல் ஆளோடு கூடவே போகும். புரூதோன் நிலத்தைப் பற்றியே பெரிதும் வாதித்தார். இங்கே மனிதனின் கடனே கைமாறும் சொத்தாயிற்று! 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், பெரியோர் பொறுத்தருள்க. ஆளொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்ற பெரிய கங்காணி அந்நியரல்லர். நம் மொழி பேசியவர், தோட்டத்துத் திருவிழாவில் முதல் மரியாதை பெற்றவர். வர்க்கம் என்ற சொல்லை நூல்களிற் படித்து விளங்காதவர்கள் கங்காணியின் கணக்குப் புத்தகத்தை நினைத்துப் பார்க்கலாம்.

1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி மார்க்ஸின் கொள்கையைத் தோட்டங்களுக்குக் கொண்டு வந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். விசாரணைக் குழுவின் முன் அவருடைய மனைவிக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. வேலைநிறுத்த அலை தெற்கே பரவி ஊவாவை அடைந்தது. பதுளைக்கு அணித்தான வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே கருமம் ஆற்றுவதாகத் தோட்டத்துரை இணங்கினார்.

இளைஞர்களே, இது சிறிய செய்தியன்று. வெவெஸ்ஸ மக்கள் மலையைப் பங்குபோடவில்லை. துரையைப் பங்களாவிலிருந்து வெளியேற்றவுமில்லை. கொழுந்து எடுப்பவர்களையும் கேட்டே இத்தோட்டம் நடத்தப்பட வேண்டும் என்றனர். உடைமை என்பது பெரும்பாலும் 'யார் முடிவு செய்வது' என்பதே. அந்த இடத்திலேதான் அவர்கள் கை வைத்தனர். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களையும் பறித்தனர். பின்னர் பொலிஸாரின் கடும் அடக்குமுறையும், ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து போராட்டத்தை முறித்தன. ஜூன் மாதத்தில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் சிறைப்பட்டனர்.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். கோவிந்தன் மனைவிக்காக வாதாடிய கொல்வின் 1970இல் பெருந்தோட்ட அமைச்சரானார். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல், சமசமாஜிகள் அரசிலிருந்து விலக்கப்பட்டதை அடுத்து, கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. தனியார் சொத்து ஒழிந்தது. ஆயினும் தொழிலாளர் சபை எதுவும் தோட்டங்களுக்கு வரவில்லை. பிரட்டும், செக்ரோலும், லயமும் அப்படியே இருந்தன. இடையில் 1974இன் பஞ்சத்தில் லயங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று.

கொஸ்லந்தையை அடுத்த மீரியாபெத்தவில் மலை சரியக்கூடும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. லயத்தை விட்டுப் போவதாயின் கூரை போட ஓர் அடி நிலம் வேண்டும். லயமும் நிலமும் தோட்டத்துக்குரியவை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்களுக்கு வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்.