கரம் அடைச்ச ரசீது

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் முதலில் குழம்பியது இந்த வார்த்தையில்தான். அடமானக் கடனுக்கு வருகிறவர்கள் "கரம் அடைச்ச ரசீது" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். நமக்குக் கரம் என்றால் கை. இங்கே நிலவரி!

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் கேட்டார்: "வரி பாக்கியை எல்லாம் சட்டத்தைத் திருத்தித் தள்ளுபடி செய்தால் என்ன சார்?" அதைக் கேட்டதும் ஒரு பழைய வழக்கு ஞாபகம் வந்தது.

1946ல், சர் சி.பி. திவானாக இருந்தபோது, திருவிதாங்கூரில் எல்லா நிலத்துக்கும் ஒரே அடிப்படை வரி வந்தது. ஏக்கருக்கு 14 சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய் என்பதால், அரை ரூபாய். பிறகு 1955ல் திரு-கொச்சி நிலவரிச் சட்டம். 1957ல் அதைத் திருத்தி, மலபாரையும் சேர்த்துப் புதிய கேரளம் முழுவதற்கும் ஏக்கருக்கு 2 ரூபாய் என்றார்கள்.

வயலுக்கும் 2 ரூபாய், காட்டுக்கும் 2 ரூபாய். மலபாரில் தாத்துண்ணி மூப்பில் நாயர் என்ற நிலவுடைமையாளருக்குச் சுமார் 25,000 ஏக்கர் காடு. அதில் வருமானம் ஆண்டுக்கு 3,100 ரூபாய்தான் என்றார் அவர். வரியோ சுமார் 50,000! வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

1960 டிசம்பரில் தீர்ப்பு. தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா தலைமையிலான அமர்வு சட்டத்தையே ரத்து செய்தது (நீதிபதி ஏ.கே. சர்க்கார் மட்டும் உடன்படவில்லை). சமமில்லாத நிலங்களைச் சமமாக நடத்தியது ஒரு காரணம். என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று: 7-வது பிரிவின்படி அரசு எந்த நிலத்துக்கும் வரிவிலக்கு தரலாம், ஆனால் யாருக்கு, எந்த அடிப்படையில் என்று ஒரு வரிகூட இல்லை.

1961ல் கேரள நிலவரிச் சட்டம் புதிதாக வந்தது. நம் மாநிலங்களுக்குத் தனி அரசியல் சட்டம் கிடையாதே! அதனால் 1964ல் நாடாளுமன்றமே 17-வது திருத்தத்தின் மூலம் அதை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துப் பாதுகாப்பு கொடுத்தது.

விலக்கு வேறு, பாக்கித் தள்ளுபடி வேறுதான். ஆனால் கேள்வி ஒன்றே. வங்கியில் வாராக்கடனுக்குச் சமரசத் தீர்வு எழுதும்போதெல்லாம் எந்தத் தேதி வரை, எந்த வகைக் கடன், எத்தனை சதவீதம் என்று முதலில் காகிதத்தில் இருக்க வேண்டும். அப்படியும் ஒருமுறை, தவணை தவறாமல் கட்டிய பெரியவர் ஒருவர் என் மேஜை முன் நின்று கேட்டார்: "ஒழுங்காக் கட்டின எனக்கு என்ன சார்?"

என்னிடம் பதில் இல்லை. தள்ளுபடி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வறட்சியிலும் வெள்ளத்திலும் அது தேவை. ஆனால் விதியை எழுதிவிட்டுத் தள்ளுங்கள். அந்தப் பெரியவருக்குப் படித்துக்காட்ட ஒரு வரியாவது இருக்கட்டும்.