கார் சீட்டும் ஆவாரம்பட்டையும்

மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வரிசையாக கார் சீட் கவர் கடைகள். தோல் சீட் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதை எதைப் போட்டுத் துடைப்பது?" தேங்காய் எண்ணெய் என்பார் ஒருவர். ஷூ பாலிஷ் என்பார் இன்னொருவர். சரியான விடையைத் தேடிப் போனால் சென்னையின் பழைய தொழில் ஒன்றின் கதை வந்து நிற்கிறது!

பச்சைத் தோல் அழுகும். காய வைத்தால் பலகை போல விறைக்கும். இரண்டும் நடக்காமல் காப்பதுதான் பதனிடுதல். சுண்ணாம்பில் ஊற வைத்து முடியையும் சதையையும் நீக்குவார்கள். பிறகு ஆவாரம்பட்டைச் சாறு, அதன் பின் கடுக்காய். கடைசியில் எண்ணெய் தடவுவார்கள். அந்த எண்ணெய்தான் தோலின் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொடுக்க உதவுகிறது. எண்ணெய் குறைந்தால் தோல் வெடிக்கும். இன்று 'லெதர் கண்டிஷனர்' என்று பாட்டிலில் விற்கப்படுவதன் மூலக் கருத்து இதுதான்.

19ஆம் நூற்றாண்டில் இந்த அரைப் பதத் தோல், 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குப் போனது. அங்கே மெருகேற்றி, காலணியாகவும் பையாகவும் ஆக்கி லாபம் பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.

அடுத்த திருப்பம் 1903. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார். காருக்காக அல்ல, கிணற்றில் நீர் இறைக்கும் கமலையின் தோல் சாலுக்காக! குரோம் தோல் தண்ணீரில் அதிக நாள் உழைத்தது. ஆனால் அரசே தொழில் நடத்துவதை லண்டன் 1910இல் எதிர்த்தது. பிறகு பல்லாவரம் பக்கம் தனியார் குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது அதுதான்.

சுதந்திரத்துக்குப் பின் 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த ஒய். நாயுடம்மா, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆராய்ச்சி தொழிலாளியின் தொட்டிவரை போய்ச் சேர வேண்டும் என்று உழைத்தார். 1985இல் கனிஷ்கா விமானத்தில் வெடித்த குண்டு அவர் உயிரையும் பறித்தது.

1972இல் சீதாராமையா குழு, அரைப் பதத் தோல் ஏற்றுமதியைக் குறைத்து முழுப் பொருளாக விற்கச் சொன்னது. பி.காம். பாடத்தில் 'மதிப்புக் கூட்டல்' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோமே, அதன் நிஜமான உதாரணம் இது. லண்டனில் தங்கிய லாபத்தில் ஒரு பங்கு இங்கே தங்க ஆரம்பித்தது.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் வராத செலவும் உண்டு. தோலைத் தொட்டவர்களையே தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கியது இதே சமூகம். பாலாற்றங்கரைக் கிணறுகள் கழிவால் கெட்டன. 1996இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கழிவைச் சுத்திகரிக்காவிட்டால் மூடச் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி மீண்டும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

சரி, சீட்டை எப்படித் துடைப்பது? இன்றைய கார் சீட் தோல் பெரும்பாலும் நிறமும் அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சும் கொண்டது. தேங்காய் எண்ணெய் உள்ளே போகாது, மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். பெட்ரோலும் தின்னரும் பூச்சையே கரைத்துவிடும். முதலில் தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். கண்டிஷனர் கொஞ்சமாகப் போதும். முக்கியமாக, நிழலில் நிறுத்துங்கள்.

அடுத்த முறை அந்தச் சீட்டில் சாயும்போது, ஆவாரம்பட்டைத் தொட்டியில் முழங்கால்வரை நின்றவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சொகுசில் அவர்களுக்கு வந்து சேர்ந்த பங்கு எவ்வளவு?