பரோசா வரைபடத்தில் எத்தனை மொழி இருக்கு?

எங்கட நண்பி ஒருத்தியின்ர அக்கா அடிலெயிட்டில இருக்கிறா. போன விடுமுறைக்கு அவ எங்கட வட்சப் குழுவுக்கு ஒரு படம் அனுப்பினா. பரோசா பள்ளத்தாக்குக்குப் போகிற சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கிற வரைபடம் அது. எந்த ஆலையில் வைன் சுவைத்துப் பார்க்கலாம், எங்கே ஜின் வடிக்கிறார்கள், எங்கே மத்தியானச் சாப்பாடு நல்லம் என்று எல்லாமே அதில் இருந்தது. கீழே அக்காவின் கேள்வி: "ஹிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைகளே, இதில எத்தனை மொழி இருக்கெண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

எங்களில் ஒருத்தரும் அங்கே போனதில்லை. வைனைப் பற்றித் தெரிந்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கேள்வி எங்களைப் பிடித்துக்கொண்டது. கன்டீனில் இருந்து எண்ணத் தொடங்கினோம்.

பரோசா என்பது ஸ்பானியப் பெயர். 1811 இல் ஸ்பெயினின் பரோசா என்ற இடத்தில் பிரித்தானியப் படை நெப்போலியனின் படையைத் தோற்கடித்தது. ஸ்பெயின் போர்களில் பங்கெடுத்த கேணல் வில்லியம் லைட் பிறகு தென் அவுஸ்திரேலியாவின் நில அளவையாளராக வந்தார். 1837 இல் அந்த வெற்றியின் நினைவாக அவர் வைத்த பெயர் இது. எழுதும்போது எழுத்துகள் மாறிப்போய், பிழையோடேயே நிலைத்துவிட்டது. அங்காஸ்டன் என்ற ஊர் ஜோர்ஜ் ஃபைஃப் அங்காஸ் என்ற ஆங்கிலேய முதலாளியின் பெயரில் இருக்கிறது. பெத்தனி பைபிளில் வருகிற கிராமம். லாங்மைல் ஜேர்மன். தனுண்டா, நூரியூட்பா இரண்டும் பழங்குடி மொழிகளிலிருந்து வந்தவை. மரனங்காவும் பழங்குடிச் சொல்தான். ஆனால் அந்தச் சொல் அந்த ஊரின் பெயராக வரைபடத்தில் ஏறியது 1918 இல்தான். அதற்கு முதல் அந்த ஊருக்கு வேறு பெயர்.

இந்தக் கடைசிப் பெயரில்தான் நாங்கள் மாட்டுப்பட்டோம். ஒரு ஊருக்கு 1918 இல் ஏன் புதுப் பெயர் தேவைப்பட்டது?

கடனோடு வந்தவர்கள்

பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் 1817 இல் லூதரன் திருச்சபையையும் சீர்திருத்தத் திருச்சபையையும் ஒன்றாக்கினார். 1830 இல் எல்லாருக்கும் ஒரே வழிபாட்டு முறை என்று கட்டளை வந்தது. பழைய லூதரன்கள் மறுத்தார்கள். மறுத்த போதகர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். கிளெம்சிக் என்ற ஊரின் போதகர் அவுகுஸ்ட் காவல் தன்னுடைய சனத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேற வழி தேடி லண்டனுக்குப் போனார். அங்கேதான் அங்காஸைச் சந்தித்தார். தென் அவுஸ்திரேலியக் குடியேற்றம் 1836 இல் தொடங்கியிருந்தது. கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்காத குடியேற்றம் என்றபடியால் அதற்கு ஆட்கள் தேவை. அங்காஸ் பயணச் செலவைக் கடனாகக் கொடுத்தார். 1838 நவம்பரில் காவலும் முதல் கூட்டமும் வந்து இறங்கினார்கள்.

பரோசாவில் அங்காஸுக்காக 1839 இல் வாங்கப்பட்ட நிலம் 28,000 ஏக்கர். ஏக்கர் ஒரு பவுண். 1842 இல் அங்கே முதல் ஜேர்மன் ஊரான பெத்தானியன் எழும்பியது. தெருவோரம் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஆறு வரைக்கும் நீளமான ஒடுங்கிய காணி. சொந்த நாட்டில் ஊர் எப்படி இருந்ததோ அதையே பெயர்த்து வைத்ததுபோல. ஆக, நம்பிக்கைக்காக நாட்டை விட்டவர்கள் வந்து சேர்ந்தது ஒருவரின் வட்டிக் கணக்குக்குள். சுற்றுலாப் புத்தகங்களில் முதல் பாதி பெரிதாக இருக்கும். இரண்டாம் பாதி கொஞ்சம் சின்ன எழுத்தில் வரும்.

ஜேர்மன் ஆட்கள் வந்ததும் வைன் ஓடத் தொடங்கியது என்று நினைக்கவேண்டாம். முதலில் கோதுமையும் மரக்கறியும்தான். பிறகு மெல்ல மெல்லக் கொடிகள் வந்தன. தனுண்டாவுக்குப் பக்கத்தில் லாங்மைலில் கிறிஸ்டியன் ஔரிக்ட் 1843 இல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் கொடிகள் இன்றைக்கும் காய்க்கின்றன. ஜேக்கப்ஸ் கிரீக் என்ற ஓடைக்கரையில் யோஹான் கிராம்ப் 1847 இல் நட்டார். 1849 இல் யலும்பாவைத் தொடங்கிய சாமுவேல் ஸ்மித் ஆங்கிலேயர். 1851 இல் காணி வாங்கிய யோசெஃப் செப்பல்ட் சிலேசியாவின் புகையிலை வியாபாரி. அவர் முதலில் நட்டதும் புகையிலைதான். அது சரிவரவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் அவருக்குப் பாடம் எடுத்திருக்கலாம் என்று எங்களில் ஒருத்தன் சொன்னான்.

அந்தப் பழைய கொடிகள் எங்கட ஊர் முந்திரிகைப் பந்தல்போல இருக்காது. பந்தலோ கம்பியோ இல்லாமல், முறுக்கின அடிமரத்தோடு குட்டை மரம் மாதிரி தனித்தனியாக நிற்கும். இவ்வளவு காலம் அவை தப்பியதற்குக் காரணம் ஒரு பூச்சி வராமல் போனது. ஃபிலோக்சரா என்ற அந்தச் சின்னப் பூச்சி கொடியின் வேரைத் தின்னும். அமெரிக்காவிலிருந்து போய் 1860களுக்குப் பிறகு ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது. 1877 இல் விக்டோரியாவின் ஜீலோங்கில் அதைக் கண்டுபிடித்தார்கள். தென் அவுஸ்திரேலியா கொடிகளை உள்ளே கொண்டுவருவதைக் கட்டுப்படுத்தியது. 1899 இல் தனிச் சட்டமே போட்டது. இன்றுவரை பூச்சி அங்கே வரவில்லை. ஃபிரான்ஸில் அழிந்துபோன வயதுடைய கொடிகளை பரோசாவில் பார்க்க முடிவது அதனால்தான். தோட்டத்துக்குள் இறங்கவேண்டாம், உங்கள் சப்பாத்தில் பூச்சி வரலாம் என்று அங்கே அறிவித்தல் போட்டிருப்பதும் அதனால்தான்.

69 பெயர்கள்

1914 இல் போர் வந்தது. பரோசாவின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் ஜேர்மனியைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களில் சிலர் அவுஸ்திரேலியப் படையில் சேர்ந்து ஜேர்மனிக்கு எதிராகச் சண்டையும் போட்டார்கள். ஆனால் வீட்டில் பேசியது ஜேர்மன், கோவிலில் பாடியது ஜேர்மன். அது போதுமாக இருந்தது. அடிலெயிட்டுக்குப் பக்கத்தில் டொரன்ஸ் தீவில் தடுப்பு முகாம் திறந்தார்கள். ஜேர்மன் மொழிப் பத்திரிகைகள் நிறுத்தப்பட்டன. 1917 இல் 49 லூதரன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் மூடியது.

அதே 1917 இல் தென் அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் பெயர்ச் சட்டம் கொண்டுவந்தது. 69 ஜேர்மன் ஊர்ப் பெயர்கள் மாறின. ஹாண்டோர்ஃப் ஆம்பிள்சைட் ஆனது. கிளெம்சிக் காஸா ஆனது, பிரித்தானியப் படை சண்டையிட்ட இடம் என்பதால். பரோசாவின் கைசர்ஸ்ரூல் மலை, கிச்சனர் மலை ஆனது. பெத்தானியன் ஆங்கில முறையில் பெத்தனி ஆனது.

இதில் எங்களை யோசிக்க வைத்தது இன்னொரு வகை மாற்றம். லாங்மைலுக்கு பில்யாரா என்று பழங்குடிச் சொல் ஒன்றை வைத்தார்கள். மரனங்காவின் பழைய பெயர் க்னாடன்ஃபிரை. 'அருளால் விடுதலை பெற்ற' என்பதுபோல ஒரு அர்த்தம். தப்பி வந்தவர்கள் ஊருக்கு வைக்கக்கூடிய பெயர்தானே. அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பழங்குடிச் சொல்லை எழுதினார்கள். பழங்குடி மக்களின் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க அல்ல. ஜேர்மன்காரரின் பெயரைத் தூக்குவதற்கு அவர்களின் சொல் வசதியாகக் கையில் கிடைத்தது, அவ்வளவுதான். ஒரு மொழியைக் கொண்டு இன்னொரு மொழியை அழிக்கும்போது இரண்டு மொழிக்காரருக்கும் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பெயர்ப் பலகைகளைப் பற்றி எங்கட வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

சில பெயர்கள் திரும்பி வந்தன. ஹாண்டோர்ஃபுக்கு 1935 இல், கைசர்ஸ்ரூலுக்கும் லாங்மைலுக்கும் 1975 இல். க்னாடன்ஃபிரை திரும்பவில்லை. மரனங்காவில் இருக்கிற லூதரன் கோவில் மட்டும் இன்றைக்கும் அந்தப் பெயரை வைத்திருக்கிறது.

பீப்பாயும் வடிசாலையும்

மரனங்காவைத் தாண்டிப் போனால் செப்பல்ட்ஸ்ஃபீல்ட். யோசெஃபின் மகன் பென்னோ 1878 இல் ஒரு பீப்பாய் வைனை ஒதுக்கி, நூறு வருடத்துக்கு விற்கக்கூடாது என்று வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு பீப்பாய். முதல் பீப்பாய் வெளியே வந்தது 1978 இல். ஊர்ப் பெயர்களை மாற்றும் சட்டம் வந்த 1917 இலும் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறார்கள். இப்போது போகிறவர்கள் தாங்கள் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து ஒரு சொட்டுச் சுவைக்கலாம். அங்கே போகிற வழியில் இரண்டு பக்கமும் பேரீச்ச மரங்கள், கிட்டத்தட்ட 2000. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாதபோது, ஆட்களை நிற்பாட்டாமல் சாப்பாடு கொடுத்து நட வைத்த மரங்கள் அவை.

பீப்பாயில் இருப்பது சாதாரண வைன் இல்லை. வடித்த சாராயத்தைச் சேர்த்து வலுவாக்கியது. 1960கள் வரைக்கும் அவுஸ்திரேலியாவில் செய்த வைனில் பெரும்பகுதி இந்த வகைதான். பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்ய 1924 இல் அரசாங்கம் மானியமும் கொடுத்தது. அதனால் வைன் ஆலை இருந்த இடத்தில் வடிசாலையும் இருந்தது. நூரியூட்பாவில் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் பழைய வடிசாலைக் கட்டடத்தில் இன்றைக்கு ஜின் விற்கிறார்கள். அதே ஊரில் 1930 இல் தொடங்கிய ஒரு தொழிற்சாலை திராட்சைச் சக்கையிலிருந்து சாராயம் பிரிக்கிறது.

இங்கேயும் ஒரு பெயர் போயிருக்கிறது. இந்த வைனை நூறு வருடத்துக்கு மேலாக 'போர்ட்' என்றுதான் விற்றார்கள். அது போர்த்துக்கல்லின் பெயர், நீங்கள் பாவிக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பந்தம் போட்டது. இப்போது போத்தலில் 'டோனி' என்று மட்டும் இருக்கும். பெரிய இடத்துக்காரருக்குத் தங்கட பெயரைக் காப்பாற்ற ஒப்பந்தம் கிடைக்கிறது.

கொடி பிடுங்கினால் காசு

பூச்சி செய்யாததை 1980களில் சந்தை செய்யப் பார்த்தது. சிவப்புத் திராட்சை தேவைக்கு மேல் விளைந்தது. வெள்ளை வைன் மோகம் வேறு. பெரிய நிறுவனங்கள் வாங்குவதைக் குறைத்தன. கடைசியில் அரசாங்கம் கொடிகளைப் பிடுங்குகிறவர்களுக்குக் காசு கொடுத்தது. பழைய கொடி குறைவாகத்தான் காய்க்கும். அதனால் முதலில் போனது பழசுகள்தான்.

இதற்குச் சற்று முன்னர் பீட்டர் லேமன் என்பவர் ஒரு வைன் ஆலையில் பொறுப்பாக இருந்தார். போதகர் ஒருவரின் மகன். விவசாயிகளிடம் இனி வாங்கவேண்டாம் என்று மேலிடம் சொன்னது. அவரோ வாங்குவதாக விவசாயிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புதுக் கொம்பனி தொடங்கி 1980 இல் அவர்களின் திராட்சையை எடுத்தார். அதற்கு வைத்த பெயர் மாஸ்டர்சன், ஒரு இசை நாடகத்தில் வருகிற சூதாடியின் பெயர். 1984 இல் ரொக்ஃபோர்ட் ஆலையும் பழைய கொடிகளின் ஷிராஸை விலை கொடுத்து வாங்கி வைன் செய்யத் தொடங்கியது. விற்க வழியிருந்த விவசாயி கொடியைப் பிடுங்கவில்லை. இன்றைக்கு 'பழைய கொடி' என்று போத்தலில் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்பதெல்லாம் அப்படித் தப்பியவை.

சாப்பாட்டு மேசை

மொழியைப் பள்ளிக்கூடத்தில் தடுத்தாலும் குசினிக்குள் தடுக்க முடியவில்லை. புகையூட்டிய மெட்வூர்ஸ்ட் இறைச்சியும், சீனித் தூள் மாவு உதிர்த்த ஸ்ரொய்சல் கேக்கும், ஊறுகாய் போட்ட வெள்ளரியும் தனுண்டாவின் பேக்கரிகளிலும் உணவகங்களிலும் இன்றும் இருக்கு. 'ரோட்ட குருட்ச' என்று ஒரு இனிப்பு. ஜேர்மனியில் அதைச் சிவப்புப் பெரிப் பழங்களில் செய்வார்கள். பரோசாவில் திராட்சைச் சாற்றையும் சவ்வரிசியையும் காய்ச்சிச் செய்கிறார்கள். சவ்வரிசி என்றதும் எங்களுக்கு உடனே விளங்கியது. பள்ளிக்கூடங்கள் மூடின அதே 1917 இல் தனுண்டாப் பெண்கள் பரோசா சமையல் புத்தகத்தை வெளியிட்டார்கள், போர்வீரர் நிதிக்காக. தாங்களும் இந்த நாட்டு ஆட்கள்தான் என்று காட்டவேண்டிய நேரத்தில் அவர்களிடம் இருந்தது சமையல் குறிப்பு.

மூதாதை என்று யாரைச் சொல்வது

2009 இல் பரோசாக்காரர் கொடிகளின் வயதுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். 35 வருடம் தாண்டினால் பழையது. 70 தாண்டினால் தப்பியது. 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி. 125 தாண்டினால் அதற்குப் பெயர் மூதாதை.

அதே பரோசாவில் ஸ்பிரிங்டன் என்ற ஊரில் பொந்து விழுந்த ஒரு பெரிய செங்கம் மரம் நிற்கிறது. 1855 இல் வந்த ஃபிரீட்ரிஷ் ஹெர்பிக் என்ற ஜேர்மன்காரர் அந்தப் பொந்துக்குள் குடியிருந்தார். மனைவி வந்து, முதல் இரண்டு பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். வீடில்லாமல் வந்தவரின் கதையாக அந்த மரத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். ஆனால் மரத்துக்கு வயது பல நூறு. எந்த மூதாதைக் கொடிக்கும் அது மூத்தது. நாஜூரி, பெராமங்க், கௌர்னா மக்களின் நிலத்தில் அது வளர்ந்தது. 1836 இல் தென் அவுஸ்திரேலியாவை உருவாக்கிய அரச ஆவணத்திலேயே பழங்குடி மக்கள் தாங்கள் இருக்கும் நிலத்தை அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்படாது என்று எழுதியிருந்தது. மூன்று வருடத்தில் 28,000 ஏக்கர் விற்பனையானது.

தப்பி வந்தவர்கள் என்ற கதை பொய்யில்லை. அவர்கள் பட்டதும் உண்மை, 1917 இல் பட்டதும் உண்மை. ஆனால் அவர்கள் கொடி நட்ட காணி வெறும் காணி இல்லை. எங்கட சனமும் அதே நாட்டுக்குப் படகிலும் விமானத்திலும் தப்பிப் போயிருக்கிறது, சிலர் இன்றைக்கும் விசாவுக்காகக் காத்திருக்கிறார்கள். அதனால் இந்த இரண்டு உண்மையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பழகவேண்டிய தேவை மற்றவர்களைவிட எங்களுக்குக் கூட இருக்கு.

அக்காவுக்குப் பதில் அனுப்பினோம்: ஸ்பானியம், ஆங்கிலம், ஜேர்மன், பைபிளில் வந்த ஒன்று, பிறகு பழங்குடி மொழிகள், அவை எத்தனை என்று வரைபடம் சொல்லவில்லை. அவ ஒரு சிரிப்பு அனுப்பினா. அடுத்த முறை போகேக்க மரனங்காக் கோவில் வாசலில இருக்கிற பெயரைப் படம் எடுத்து அனுப்புறன் எண்டு சொன்னா.