ஆடியவர் ஆசானான வரலாறு

கூடைப்பந்து உயரமானவர்களின் விளையாட்டு என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது ஓர் ஆசிரியரின் வகுப்பறைச் சிக்கலிலிருந்து பிறந்தது என்பதைச் சிலரே அறிவர். நேற்றுவரை பந்தாடிய மாணவன் தன் ஆசானுக்குப் பக்கத்தில் துணைப் பயிற்றுவிப்பாளராக அமரும் மரபும் அவ்விளையாட்டுக்கு உண்டு. அம்மரபின் வரலாற்றை ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்பவர் உடற்கல்வி கற்பித்துவந்தார். குளிர்காலமாதலால் வெளியில் விளையாட இயலாது. கூடத்தினுள் செய்த பயிற்சிகளோ மாணவர்க்குச் சலிப்பூட்டின. அவ்வகுப்பில் 18 பேர் இருந்தனர். நைஸ்மித், தரையிலிருந்து 10 அடி உயரத்தில் பீச் பழக்கூடைகள் இரண்டை மாட்டினார். 13 விதிகளை எழுதினார். அணிக்கு 9 பேராகப் பிரித்து ஆடவைத்தார். அடங்காத வகுப்பைத் தண்டிக்காமல் அதற்கேற்ற பாடத்தைப் படைத்த ஆசிரியர் என்றே நான் அவரைக் கருதுகிறேன்.

பின்னர் 1898இல் அவர் கான்சஸ் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு அவரது அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. இவ்விளையாட்டை ஆடினாற்போதும், பயிற்றுவிக்கத் தேவையில்லை என்பது அவர் கருத்து. அதனை அவரிடம் ஆடிய மாணவரே மாற்றினார். ஃபாக் ஆலன் என்னும் அம்மாணவர் 1907இல் பொறுப்பேற்று, பிற்காலத்தில் 'கூடைப்பந்துப் பயிற்சியின் தந்தை' எனப் போற்றப்பட்டார்.

ஆலனிடம் ஆடியவர்களுள் ஒருவர் டீன் ஸ்மித். 1952இல் தேசியப் பட்டம் வென்ற கான்சஸ் அணியில் அவர் இருந்தார். ஆயினும் பெரும்பாலும் இருக்கையில் அமர்ந்திருந்த மாற்று ஆட்டக்காரரே. கணிதம் பயின்ற அவர், படிப்பு முடிந்ததும் ஆலனுக்குத் துணையாகப் பணியாற்றினார். 1958இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்றுவிப்பாளராகி, 1961இல் தலைமைப் பொறுப்பேற்றார். 1997இல் ஓய்வு பெறும்போது அவர் அணிகள் 879 வெற்றிகளைப் பெற்றிருந்தன. மைக்கல் ஜார்டன் அவரிடம் பயின்றவரே.

அவர் வகுத்த பழக்கமொன்று நம் வகுப்பறைகளுக்கும் உரியது. பந்தைக் கூடையில் இட்டவர், அதைத் தமக்குக் கொடுத்த தோழரை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். கைதட்டல் கொடுத்தவருக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதே நோக்கம். 2015இல் அவர் மறைந்தபின் உயில் படிக்கப்பட்டது. தம்மிடம் ஆடிய ஏறத்தாழ 180 பேரில் ஒவ்வொருவருக்கும் இரவு விருந்துக்கென 200 அமெரிக்க வெள்ளி எழுதிவைத்திருந்தார்! அவர்களில் புகழ்பெற்றவரும் இருந்தனர். பெயர் அறியப்படாதவரும் இருந்தனர். தொகை அனைவருக்கும் ஒன்றே.

மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பது நமக்குப் புதியதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்தது அதுவே. 1787இல் சென்னைக்கு வந்து ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்குச் செயற்படுத்தினார். 1797இல் அதனை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

ஸ்பிரிங்ஃபீல்டின் விளக்கும் சென்னைக்கு வந்தது. அங்குப் பயின்ற ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். விளையாட்டு வீரரை ஆசிரியராக்கும் நிறுவனம் அது. தமிழகப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர் பலர் அங்கிருந்து வந்தவர்களே. அதே சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, 19 வயதில் இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமையேற்றார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நம் சிங்கப்பூருக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர்க் கூடைப்பந்து அணி கலந்துகொண்டது என்றால் இன்றைய பிள்ளைகள் வியப்பர். நம்மவர் மனம் காற்பந்தையே அதிகம் நாடியது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலும், 1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கமும் அதற்குச் சான்று. ஆடியவர் ஆசானாவதற்கு இங்கும் எடுத்துக்காட்டு உண்டு. தேசிய அணியில் ஆடி, 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் குழுவுக்கும் சென்ற வி. சுந்தரமூர்த்தி, பின்னர்ப் பயிற்றுவிப்பாளரானார். அவர் பயிற்றுவித்த லயன்ஸ் டுவல்வ் குழு 2013இல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. 2016 முதல் 2018 வரை தேசிய அணியையும் அவரே வழிநடத்தினார்.

பெற்றோரே, இணைப்பாட நடவடிக்கையில் தம் பிள்ளை முதல் ஐவரில் இல்லையென்றால், "நேரம் வீணாகிறது, துணைப்பாட வகுப்புக்காவது அனுப்பலாமே" என்று நம்மிடம் சொல்பவர் உண்டு. அக்கவலை நியாயமானதே, தேர்வு நெருங்குகிறது, நாளுக்கு 24 மணி நேரந்தான். எனினும், இருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஆட்டம் முழுவதையும் பார்க்கிறான். யார் தளர்கிறார், யாருக்குப் பந்து போகவில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரிகிறது. கற்பித்தலுக்கு வேண்டிய கண் அதுதான். டீன் ஸ்மித்தை அன்று யாரேனும் வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தால், உலகம் ஓர் ஆசானை இழந்திருக்கும்.

ஆகவே, பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை புள்ளி எடுத்தாய்?" என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். "இன்று யாருக்குக் கற்றுக்கொடுத்தாய்?" என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆசிரிய நண்பர்களும் தத்தம் பள்ளிகளில் மூத்த மாணவருக்கு இளையோரைப் பயிற்றுவிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.